நாக்-அவுட் ஆட்டங்களில் பெனால்டி உதைகள்: அதிர்ஷ்டமா, ஆட்டத்தின் அங்கமா?

சத்துவாச்சாரி ரசிகன்:

அன்பர்களுக்கு வணக்கம். கால்பந்து உலகக் கோப்பையில், தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டங்களைப் பற்றி நம் வேலூர்ப் பக்கத்தில் எங்கே பேச்செடுத்தாலும், "டைபிரேக்கர் என்று வந்துவிட்டால் எல்லாம் அதிர்ஷ்டம்தான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். லாங்கு பஜார் கடைக்காரர்கள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை இதே பேச்சுதான். 90 நிமிடத்துக்குப் பிறகு அரை மணிக் கூடுதல் நேரமும் சமநிலையில் முடிந்தால், இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து வெற்றியைத் தீர்மானிப்பதுதான் டைபிரேக்கர். அதை வெறும் அதிர்ஷ்டம் என்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அதை விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2026ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பை 48 அணிகளுக்கானது. 12 பிரிவுகளிலும் முதல் இரண்டு இடங்களைப் பெறும் அணிகளோடு, மூன்றாமிடம் பெற்றவற்றில் சிறந்த எட்டு அணிகளும் சேர்ந்து 32 அணிகள் நாக்-அவுட் கட்டத்துக்கு வருகின்றன. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்தால் 2022 வரை 16 ஆக இருந்த நாக்-அவுட் ஆட்டங்கள் 32 ஆகிவிட்டன. கோப்பையை வெல்லும் அணி, முன்பு நான்கு முறை கடந்த வாழ்வா சாவா ஆட்டத்தை இனி ஐந்து முறை கடக்க வேண்டும். பெனால்டிக்குப் போகும் ஆட்டங்களும் அதற்கேற்பக் கூடவே செய்யும்.

2022இல் கத்தாரில் ஐந்து ஆட்டங்கள் பெனால்டி உதைகளால் தீர்மானிக்கப்பட்டன. அதற்கு முன் எந்த உலகக் கோப்பையிலும் அவ்வளவு நடந்ததில்லை. குரோஷியா 2018இல் டென்மார்க்கையும் ரஷ்யாவையும், 2022இல் ஜப்பானையும் பிரேசிலையும் இந்த வழியில்தான் வெளியேற்றியது. முதல் தொடரில் சுபாசிச் கோல்கீப்பர், அடுத்ததில் லிவாகோவிச். உதைத்தவர்களிலும் பலர் மாறிவிட்டார்கள், முடிவு மாறவில்லை. ஜெர்மனியும் 1982, 1986, 1990, 2006 ஆகிய நான்கு உலகக் கோப்பைகளிலும் பெனால்டியில் தோற்றதே இல்லை. மறுபக்கம் இங்கிலாந்து 1990, 1998, 2006 என்று தொடர்ந்து மூன்று முறை தோற்றது. இவை அத்தனையையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியுமா?

ஆம்பூர் பாய்:

தம்பி, நீங்கள் அடுக்கிய கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கு முறையும் பூ விழுவது அதிசயமல்ல. பதினாறில் ஒரு வாய்ப்பு அதற்கு உண்டு. உலகில் இத்தனை அணிகள் ஆடும்போது ஒன்றிரண்டுக்கு அப்படி அமையத்தான் செய்யும். அதைக் கொண்டு திறமை என்று நிறுவிவிட முடியாது.

என் வாதம் வேறு. பயிற்சியால் எல்லாம் ஆகும் என்றால் 2022இல் ஸ்பெயினுக்கு ஏன் அந்தக் கதி? தேசிய அணிக்கு வருவதற்கு முன்பே கிளப்புகளில் குறைந்தது ஆயிரம் பெனால்டிகளாவது பழகிவிட்டு வர வேண்டும் என்று வீரர்களிடம் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிட்டதாகப் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே வெளிப்படையாகவே கூறியிருந்தார். மொராக்கோவுக்கு எதிராக உதைத்த மூவரில் ஒருவராலும் கோல் அடிக்க முடியவில்லை. சராபியா கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் களத்துக்கு வந்தவர். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. பிறகு பெனால்டியிலும் அதே போல் கம்பத்தில் பட்டது. சோலேர், புஸ்கெட்ஸ் இருவர் உதைகளையும் மொராக்கோ கோல்கீப்பர் போனோ தடுத்தார். ஆயிரம் உதை பழகியவர்களின் கணக்கு பூஜ்யம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010இல் கானாவுக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தை உருகுவேயின் சுவாரஸ் கையால் தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். அதற்குக் கிடைத்த பெனால்டியை அசமோவா ஜியான் மேல் கம்பியில் அடித்தார். பிறகு டைபிரேக்கரில் உருகுவே 4-2 என்று வென்றது. அந்தப் பந்து ஒரு சாண் கீழே போயிருந்தால் ஆப்பிரிக்காவின் முதல் அரையிறுதி அணி கானாதான். அந்தப் பெருமை மொராக்கோவுக்குக் கிடைக்க 12 ஆண்டுகள் ஆயின. பதினொரு பேர் 120 நிமிடம் ஓடிச் சம்பாதித்ததை ஒருவர் தலையில் வைத்து முடிப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

கோட்டை மைதானக் கோலி:

பாய் சொன்ன கானா ஆட்டத்தில் பலரும் மறந்துவிடுகிற ஒரு காட்சி உண்டு. கடைசி நொடியில் வாய்ப்பைத் தவறவிட்ட அதே ஜியான், சில நிமிடங்களிலேயே டைபிரேக்கரில் கானாவின் முதல் உதையை எடுக்க முன்வந்து, அதைக் கோலாக்கினார். அந்த நடையை அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது.

நான் பல ஆண்டுகளாக உள்ளூர் அணிகளுக்குக் கோல்கீப்பராக நிற்பவன். கோல் கோட்டிலிருந்து பார்க்கும்போது தெரிவதைச் சொல்கிறேன். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து 11 மீட்டர் தள்ளி இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அது 0.4 நொடியில் வந்துவிடும். பந்தைப் பார்த்துப் பாய்ந்தால் மூலைக்குப் போகும் உதையைத் தொட முடியாது. ஆகவே பந்தைப் பார்ப்பதில்லை. உதைப்பவரின் ஊன்றும் காலைப் பார்க்கிறோம். வலது காலால் உதைப்பவர் இடது பாதத்தைப் பந்தின் பக்கத்தில் ஊன்றும் அந்தக் கணத்தில் பாதத்தின் முனை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, பெரும்பாலும் பந்து அங்கேதான் போகும். இடுப்பு திறந்தால் ஒரு பக்கம், மூடினால் மறுபக்கம். தேர்ந்தவர்கள் இதையும் மறைக்கப் பழகியிருப்பார்கள். ஓட்டத்தின் நடுவில் சற்றே நிதானித்து, கோல்கீப்பர் முதலில் அசைகிறாரா என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் தட்டிவிடுவார்கள். இது இரண்டு பேர் கண்ணால் ஆடும் ஆட்டம். இதில் படித்துக் கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது.

2006 காலிறுதியில் ஜெர்மனியின் லேமன், அர்ஜென்டினா வீரர்கள் எந்தப் பக்கம் உதைப்பார்கள் என்று கோல்கீப்பர் பயிற்சியாளர் கோப்கே எழுதிக்கொடுத்த குறிப்பைக் காலுறைக்குள் வைத்திருந்தார். ஒவ்வோர் உதைக்கும் முன்னால் அதை எடுத்துப் பார்த்தார். அயாலாவின் உதையைத் தடுத்தார். கடைசியாகக் காம்பியாசோ வந்தபோதும் லேமன் அந்தத் தாளை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்; காம்பியாசோவின் பெயரே அதில் இல்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்த உதையையும் தடுத்தார். குறிப்பு எழுதுவது ஒரு தயாரிப்பு. இல்லாத குறிப்பை இருப்பதாகக் காட்டி எதிராளியைக் காக்க வைத்தது இன்னொரு திறமை.

2014 காலிறுதியில் நெதர்லாந்தின் வான் கால் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் சிலெசனை வெளியே அழைத்துவிட்டு, பெனால்டிக்காகவே டிம் க்ரூலை இறக்கினார். கோஸ்டா ரிக்காவின் இரண்டு உதைகளை க்ரூல் தடுத்தார். அரையிறுதியில் அர்ஜென்டினாவோடு மோதியபோது மாற்று வீரர்கள் மூவரையும் பயன்படுத்திவிட்டதால் அந்த வழி அடைபட்டது. சிலெசனே நின்றார், நெதர்லாந்து தோற்றது. அர்ஜென்டினாவின் ரொமேரோ இரண்டைத் தடுத்தார்.

அரக்கோணம் ரயில்வே:

இளைஞர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். பெனால்டி வேண்டாம் என்பவர்கள், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1934 உலகக் கோப்பைக் காலிறுதியில் இத்தாலியும் ஸ்பெயினும் சமநிலையில் முடித்ததால் மறுநாளே மீண்டும் ஆடின. இன்றைய அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி நேப்பிள்ஸ் நகரில் நடந்தது. இத்தாலிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையிலான அந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிய, நடுவர் இரு அணித் தலைவர்களையும் உள்ளே அழைத்துச் சென்று நாணயத்தைச் சுண்டினார். இத்தாலித் தலைவர் ஃபக்கெட்டி கேட்டது விழுந்தது. இத்தாலி இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது. அதே ஆண்டு ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேல் குலுக்கலில் பல்கேரியாவிடம் தோற்று வெளியேறியது. இத்தகைய மனக்குறைகளிலிருந்துதான் பெனால்டி உதை முறை பிறந்து, 1970இல் விதியாயிற்று. உலகக் கோப்பையில் அது முதன்முதலாகப் பயன்பட்டது 1982இல், செவில் நகரில். கூடுதல் நேரத்தில் 3-1 என்று முன்னிலையில் இருந்த பிரான்ஸை மேற்கு ஜெர்மனி 3-3 என்று எட்டிப்பிடித்துப் பெனால்டியில் வென்றது.

நானும் நாணயத்தில் தோற்றவன்தான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கோடைப் போட்டியில், பெயர் வேண்டாம், அரையிறுதி சமநிலையில் நின்றது. வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லி அமைப்பாளர்கள் நாணயத்தைச் சுண்டிவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் எங்கள் அணியில் ஒருவரும் பேசவில்லை. பெனால்டியில் தோற்றிருந்தால் யாராவது ஒருவர் பந்தைத் தொட்ட பிறகு தோற்றிருப்போம். கையில் எதுவுமே இல்லாமல் தோற்பது அதைவிடக் கொடியது.

கோல்டன் கோல் முறையும் இருந்தது. 1998இல் பராகுவேக்கு எதிராக லோரான் பிளாங்க் அடித்த கோலும், 2002இல் இத்தாலியை வெளியேற்றிய தென்கொரியாவின் ஆன் ஜுங்-ஹ்வான் அடித்த கோலும் அந்த வகை. முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும் என்றால் துணிந்து முன்னேறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு, ஒரு கோல் விட்டால் திரும்ப வழியே இல்லை என்பதால் அணிகள் இன்னும் ஒடுங்கின. 2004க்குப் பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

காட்பாடி மாணவி:

இங்கே எல்லோரும் ஆண்கள் ஆட்டங்களை மட்டுமே சொல்கிறீர்கள். 2023 மகளிர் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் பிரிஸ்பேனில் ஆடிய காலிறுதி 20 உதைகள் வரை நீண்டு 7-6 என்று முடிந்தது. உலகக் கோப்பையில் அவ்வளவு நீண்ட டைபிரேக்கர் அதற்கு முன் நடந்ததில்லை. அதே தொடரில் ஸ்வீடனின் லினா ஹுர்டிக் அடித்த பந்தை அமெரிக்க கோல்கீப்பர் நேயர் தட்டிவிட்டு, மீண்டும் பாய்ந்து வெளியே தள்ளினார். பந்து சில மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டைக் கடந்துவிட்டது என்று கோல் கோட்டுத் தொழில்நுட்பம் காட்ட, நடப்பு வாகையர் அங்கேயே வெளியேறினார்கள்.

அதிர்ஷ்டமா திறமையா என்பதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, யாரை அனுப்புகிறோம், தவறவிட்டவரை எப்படி நடத்துகிறோம் என்பதுதான். 2021இல் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் கடைசி உதை 19 வயது சாகாவிடம் கொடுக்கப்பட்டது. பெனால்டிக்காகவே கடைசி நிமிடத்தில் இறக்கப்பட்ட ராஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் தவறவிட்ட பிறகு, அந்த இளைஞன் மீது முழுச் சுமையும் விழுந்தது. இத்தாலி கோல்கீப்பர் டொன்னருமா தடுத்தார். மூவரும் இணையத்தில் நிறவெறி வசைகளுக்கு ஆளானார்கள். அது விளையாட்டுக்கே அவமானம். அதே சாகா 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் ஆட்டத்தைச் சமன் செய்த கோலை அடித்து, டைபிரேக்கரிலும் தன் உதையைக் கோலாக்கினார். இங்கிலாந்தின் ஐந்து உதைகளும் கோலாயின. ஒரு தோல்விக்குப் பிறகு மனிதரை விட்டுவிடாமல் கூடவே நின்ற அணி அது. 1996இல் தாமே பெனால்டியைத் தவறவிட்ட சவுத்கேட் பயிற்சியாளராக இருந்தது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆம்பூர் பாய்:

மாணவி சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். அரக்கோணம் ஐயா சொன்ன வரலாறும் எனக்குப் புதிது. நாணயத்தைவிட இது மேல் என்பதில் மறுப்பில்லை.

ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. பெனால்டி காத்திருக்கிறது என்று தெரிந்தால் வலுக்குறைந்த அணி 120 நிமிடமும் தன் எல்லைக்குள்ளேயே நின்று காலத்தைக் கடத்திவிடலாம். கூடுதல் நேரத்தின் அரை மணி பல ஆட்டங்களில் வீணாகப் போவது இதனால்தான். ஆகவே 90 நிமிடம் முடிந்த உடனே பெனால்டி உதைகளை எடுத்துவிட்டு, அதன் பிறகு கூடுதல் நேரம் ஆடட்டும். அதிலும் சமநிலை என்றால் மட்டும் அந்தப் பெனால்டி முடிவு செல்லுபடியாகட்டும் என்று சிலர் சொல்லும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பெனால்டியில் பின்தங்கிய அணி கோல் அடித்தே ஆக வேண்டும் என்பதால் ஆட்டம் சூடு பிடிக்கும். தவறவிட்ட வீரருக்கும் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம் கிடைக்கும்.

அதோடு, முதலில் உதைக்கும் அணிக்குச் சாதகம் என்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

சத்துவாச்சாரி ரசிகன்:

பாய், முதல் உதைச் சாதகம் பற்றி ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்துகள் இருக்கின்றன. அணிகள் உதைக்கும் வரிசையை மாற்றி மாற்றி அமைத்துப் பார்க்கும் சோதனை 2017இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. கத்தாரின் ஐந்தையும் எடுத்துப் பாருங்கள்: ஜப்பான், நெதர்லாந்து, பிரான்ஸ் மூன்றும் முதலில் உதைத்துத் தோற்றன, மொராக்கோவும் குரோஷியாவும் முதலில் உதைத்து வென்றன.

உங்கள் யோசனையில் எனக்கு ஒரு தயக்கம். பெனால்டியில் முந்திய அணி அந்த அரை மணி முழுவதும் கோல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். கூடுதல் நேரம் வீண் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2022 இறுதியின் அந்த அரை மணி நேரத்தில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி 108ஆவது நிமிடத்திலும் பிரான்ஸின் எம்பாப்பே 118ஆவது நிமிடத்திலும் அடித்தார்கள். கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அந்தக் காலும் சற்று நேரத்தில் கோமானின் பெனால்டியைத் தடுத்த கையும் ஒரே மனிதருடையவை. ஒன்றைத் திறமை என்றும் மற்றொன்றை அதிர்ஷ்டம் என்றும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் உண்மை: சுவாமெனி உதைக்க வரும்போது மார்ட்டினெஸ் பந்தைத் தூக்கி எறிந்தது எல்லை மீறிய செயல். உதைப்பவரின் கவனத்தை நியாயமற்ற முறையில் கலைக்கக் கூடாது என்று 2023இல் விதியில் தெளிவாக எழுதிவிட்டார்கள், நல்லதே.

நம் நாட்டு அனுபவத்தையும் சொல்கிறேன். 2023 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதிக்குக் காட்பாடியில் ரயில் ஏறிப் போயிருந்தேன். அரையிறுதியில் லெபனானைப் பெனால்டியில்தான் வென்றிருந்தோம். இறுதியில் குவைத்துடன் 1-1. டைபிரேக்கரில் முதல் உதையை அணித்தலைவர் சுனில் சேத்ரியே எடுத்தார். ஐந்து உதைகளுக்குப் பிறகும் 4-4 என்று நின்றபோது என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் களத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகேஷ் அடித்ததை நான் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். அடுத்து குவைத்தின் உதையை குர்பிரீத் தடுத்தபோது நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அரங்கமே எழுந்துவிட்டது.

குடியாத்தம் உடற்கல்வி ஆசிரியர்:

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

ஆம்பூர் பாய் ஸ்பெயினை வைத்துக் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. ஆயிரம் உதைகள் ஏன் போதவில்லை? பயிற்சியில் பந்தை வைக்கிறோம், அடிக்கிறோம், அடுத்தவர் வருகிறார். ஆட்டத்தில் நடு வட்டத்திலிருந்து தனியாக நடந்து வர வேண்டும். 120 நிமிடம் ஓடிய கால், அத்தனை பேரின் பார்வை, எதிரே கைகளை அகல விரித்த கோல்கீப்பர். காலுக்குப் பழக்கம் கொடுத்துவிட்டு அந்த நடைக்குப் பழக்கம் கொடுக்காமல் விட்டால் அது அரைப் பயிற்சிதான். எங்கள் பள்ளியில் பிள்ளைகளை முதலில் மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிறேன். மூச்சு வாங்கும்போதே ஒருவரை மட்டும் நடுவிலிருந்து நடந்து வரச் சொல்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் பேசாமல் நின்று பார்க்க வேண்டும். விசில் ஊதிய உடனே பாய்ந்து உதைக்கக் கூடாது. ஒரு முழு மூச்சு இழுத்துவிட்டு, எந்த மூலை என்று நடையிலேயே முடிவு செய்ததை மாற்றாமல் அடிக்க வேண்டும். முதல் வாரம் வகுப்பிலேயே நன்றாக அடிக்கும் பிள்ளைகள்கூடப் பந்தை வெளியே அடித்தார்கள். இப்போது அப்படி இல்லை.

வரிசை அமைப்பதையும் கடைசி நிமிடத்துக்கு விடக் கூடாது. 2022இல் ஜப்பான் பயிற்சியாளர் மொரியாசு, யார் உதைப்பது என்பதை வீரர்களின் விருப்பத்துக்கே விட்டார். முதல் உதையை எடுத்த மினாமினோ உள்பட மூவரின் உதைகளை லிவாகோவிச் தடுத்தார். பிரேசில் நெய்மாரை ஐந்தாவதாக வைத்திருந்தது. நான்காவது உதையிலேயே ஆட்டம் முடிந்து, அந்நாட்டின் சிறந்த பெனால்டி வீரர் பந்தைத் தொடாமலேயே அழுதுகொண்டு வெளியேறினார். 2012 ஐரோப்பியக் கோப்பையில் ரொனால்டோவுக்கும் இதேதான். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மெஸ்ஸியும் கண்டீரவாவில் சேத்ரியும் முதல் ஆளாக நடந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வட்டாரப் போட்டிக்கு எங்கள் அணியின் வரிசையை இப்போதே எழுதிவிட்டேன். நன்றாக அடிக்கும் பிள்ளை முதலில், அடுத்தவர் இரண்டாவதாக, அப்படியே இறங்கு வரிசையில். ஐந்தாவது இடத்துக்குக் கூச்சம் இல்லாத ஒரு சிறுவனை வைத்திருக்கிறேன். கோட்டை மைதானக் கோலி நண்பரிடம் ஒரு வேண்டுகோள்: எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் எதிர்த்தே உதைத்துப் பழகியதால் எல்லோருடைய பக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தாங்கள் ஒரு மாலை வந்து கோலில் நிற்க முடியுமா?

கோட்டை மைதானக் கோலி:

அவசியம் வருகிறேன், ஐயா. சனிக்கிழமை மாலை வெயில் தாழ்ந்த பிறகு வந்தால் வசதியா என்று சொல்லுங்கள். பிள்ளைகளிடம் என் பெயரையோ நான் எந்தப் பக்கம் பாய்பவன் என்பதையோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். அவர்கள் உதைத்து முடித்ததும், ஒவ்வொருவரின் ஊன்றும் கால் எதைக் காட்டிக்கொடுத்தது என்பதைத் தனித்தனியாக எழுதித் தங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.